மருதூர் என்ற முதலெழுத்து

1953-இல் ‘ஜெனோவா’ என்ற படம் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக வெளிவந்தது. இரண்டிலும் கதாநாயகன் எம்.ஜி.ராமச்சந்திரன். தமிழ்ப் படத்தில் அவர் தம் குரலிலேயே பேசினார். மலையாளப் படத்தில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். பெற்றோர் இருவரும் மலையாளிகள், தாய் சத்யபாமா பாலக்காட்டை அடுத்த வடவன்னூரைச் சேர்ந்தவர். அப்படிப்பட்ட ஒருவருக்குத் தாய்மொழியில் இரவல் குரல் தேவைப்பட்டது. நாடகக் கொட்டகையில் கற்ற மொழியில் சொந்தக் குரல் போதுமானதாக இருந்தது. அதே 1953-இல்தான் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். அவர் எந்த ஊர்க்காரர், எந்த மொழிக்காரர் என்ற வாதம் பின்னாளில் எத்தனையோ மேடைகளில் நடந்திருக்கிறது. அந்த வாதத்தில் யாரும் பெரிதாக எடுத்துக் காட்டாத சாட்சியம் இந்த இரட்டைப் படம்.

எம்.ஜி.ஆர். கதையைச் சொல்வதற்கு ஒரு வழக்கமான தடம் உண்டு. 1917 ஜனவரி 17-இல் இலங்கையில், கண்டிக்குத் தெற்கே உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை கோபாலமேனன் இறந்தார். வறுமையில் தாய் பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வந்தாரை வாழவைக்கும் தமிழகம் அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்டு உச்சியில் உட்கார வைத்தது. இந்தக் கதையில் தேதிகளும் ஊர்களும் சரிதான். கதையின் அடியில் இருக்கும் படம்தான் தவறு. இந்தப் பக்கம் தமிழர் நாடு, அந்தப் பக்கம் மலையாளிகள் நாடு, நடுவில் ஒரு கோடு, அதைத் தாண்டி வந்த ஓர் அந்நியர் என்று அது கற்பனை செய்கிறது. அந்தக் கோடு 1956 நவம்பர் 1-இல் போடப்பட்டது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நாடகக் கம்பெனியில் சேர்ந்த ஒரு சிறுவனின் வாழ்க்கையை அந்தக் கோட்டால் அளப்பது சரியாகாது. அவர் முழுமையாக உருவான ஒரு வெளியாளாக வந்து பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அல்லர். தமிழ் நாடக மேடை அவரைக் குழந்தையிலேயே வாங்கி வளர்த்தது. அந்த மேடையின் எல்லைக்குள்தான் பாலக்காடும் இருந்தது. அவர் செய்த உண்மையான குடிபெயர்வு வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தது.

பாலக்காட்டை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே இருக்கும் பெரிய கணவாய் அது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து காற்றும் கால்நடையும் வியாபாரியும் தடையில்லாமல் போய்வரும் வழி. 1862-இலேயே மதராஸிலிருந்து போத்தனூர், பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரை வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பாலக்காடு வட்டம் மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய சித்தூர்ப் பகுதி கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஆக அந்த மண்ணுக்குள்ளே ஓடிய அரசியல் எல்லை கொச்சிக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் நடுவில் இருந்தது. மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவில் இல்லை. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போகிறவர் ஒரே மாகாணத்துக்குள் மாவட்டம் மாறினார், அவ்வளவே. பக்கத்துச் சித்தூருக்குப் போனால்தான் வேறோர் அரசின் ஆட்சிக்குள் கால் வைத்தார்.

ஆட்சி எல்லையை விட்டுவிட்டுக் கலையின் எல்லையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில் இன்றும் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. கூத்துமாடம் என்ற தனிக் கட்டடத்தில், திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை ஏற்றி, இரவு முழுவதும் பாவைகளை ஆட்டுகிறார்கள். சில கோயில்களில் ஏழு இரவு, சில இடங்களில் பதினான்கு, இருபத்தொன்று, அதற்கும் மேல். அங்கே பாடப்படுவது கம்பராமாயணம். பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் விரித்து, கேள்வி எழுப்பிப் பதில் சொல்லும் கலைஞரைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். கேட்பவர்கள் மலையாளிகள், தெய்வம் மலையாளத்துப் பகவதி, பாடம் கம்பனுடையது. அதே வட்டாரத்துப் பொறாட்டு நாடகத்திலும் கண்யார்களியிலும் தமிழ்ப் பாட்டு தாராளமாகக் கலந்திருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, கூத்தில் இன்னொரு மொழி என்பது அந்த மண்ணின் பழைய வழக்கம். மலையாளத்தில் தனியாக இசை நாடகம் தோன்றியதே தமிழ்க் கம்பெனிகள் கேரளத்தில் சுற்றுப்பயணம் செய்த பிறகுதான். 1890-களில் டி.சி.அச்சுதமேனன் எழுதிய ‘சங்கீத நைஷதம்’ அந்தத் தமிழ் மாதிரியைப் பின்பற்றியது. பாலக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தமிழ் மேடை ஏறுவது வேலி தாண்டுவது ஆகாது. அது அங்கே முன்பே போட்டிருந்த பாதை.

இனி கம்பெனிக்கு வருவோம். இந்தக் கதையின் மையம் அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனிகள் தமிழகமெங்கும் பெருகின. வளர்ந்த நடிகர்கள் சம்பளத்துக்குப் பேரம் பேசுவார்கள், குடித்துவிட்டு வருவார்கள், பாதி நாடகத்தில் விட்டுப் போவார்கள் என்ற அலுப்பில் பிறந்த ஏற்பாடு அது. ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. சோறும் துணியும் இருக்க இடமும் கம்பெனியின் பொறுப்பு. விடிகாலையில் எழுப்பிப் பாட்டுச் சாதகம், பிறகு பாடம், பிறகு நடனமும் கத்திச் சண்டையும், இரவில் நாடகம். பாடம் சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார். பிழையாக உச்சரித்தால் பிரம்படி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பையன்களின் முகமும் குரலும் பார்த்து வேஷம் பிரித்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடையும் வயதில் பெரிய வேஷக்காரனின் வாழ்வே ஒரு மாதத்தில் சரிந்துவிடும். கும்பகோணம் யானையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் ஆறேழு வயதில், அண்ணன் சக்கரபாணியோடு, சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குள் போனார். அங்கே காளி என்.ரத்னம் அவருக்கு வாத்தியார். பி.யு.சின்னப்பா அதே கம்பெனியின் பிள்ளை.

ஒரு குழந்தை மொழி பழகும் வயதில், நாளெல்லாம் தமிழ் வசனத்தையும் விருத்தத்தையும் மனப்பாடம் செய்து, அடி வாங்கி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு, இரவில் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் அதை ஒப்பித்தால் அந்த மொழி அவனுக்கு என்னவாகும்? கற்றுக்கொண்ட மொழி என்று சொன்னால் போதாது. வயிறு நிறைத்த மொழி என்றே சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனியில் சாதி, ஊர், தாய்மொழி எல்லாம் இருந்தன, மறைந்துவிடவில்லை. ஆனால் விளக்குக்கு முன்னால் நின்றவுடன் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். பின்னாளில் ரசிகர்கள் எம்.ஜி.ஆரை ‘வாத்தியார்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அது எந்த வழியாக வந்திருந்தாலும், பாடம் சொல்லும் நாடக ஆசானின் பெயர் கடைசியில் கம்பெனிப் பிள்ளை ஒருவருக்கே வந்து சேர்ந்தது பொருத்தமாகவே இருக்கிறது.

சினிமாவுக்கு அவர் போன வழியும் இதே கம்பெனி வழிதான். 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அவருடைய முதல் படம். எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்க இளைஞரின் இயக்கம், நாடக ஆசிரியர் கந்தசாமி முதலியாரின் மகன் எம்.கே.ராதா கதாநாயகன். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.எஸ்.பாலையாவும் அறிமுகமான படமும் அதுவே. எம்.ஜி.ஆருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், சிறியது. இந்தப் படத்தின் கதைநாயகன் குடியால் கெட்டு இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். தேயிலை மலைகளின் நடுவே பிறந்து கடல் கடந்து திரும்பிய ஒருவரின் முதல் படம், கடல் கடந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவனின் கதையாக அமைந்தது தற்செயல். தற்செயல் என்றாலும் ஒரு செய்தியை அது சொல்கிறது: அந்தக் காலத்துத் தமிழ்ப் பார்வையாளருக்கு இலங்கை போவதும் வருவதும் விளக்கம் வேண்டாத அன்றாட விஷயம். ஊர்விட்டு ஊர் போனவர்கள் கொட்டகையில் திரைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

மலையாளியான ஒருவர் தமிழ்ப் படத்துக்கு ஏன் வந்தார் என்ற கேள்விக்கு ஒரு வரலாற்றுப் பதில் உண்டு. 1936-இல் மலையாளத்தில் பேசும் படமே கிடையாது. முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’ 1938-இல் வந்தது; அதைத் தயாரித்தது சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ். கேரள மண்ணில் ஆலப்புழை உதயா ஸ்டூடியோ எழுந்தது 1947-இல். அதுவரை சேலம், கோயம்புத்தூர், சென்னை மூன்றும்தான் தென்னாட்டுச் சினிமாவின் பட்டறைகள். இவற்றில் கோயம்புத்தூர் பாலக்காட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விசுவநாதன் சிறுவனாக ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்துதான் இசையமைப்பாளர் ஆனார். சித்தூரில் பிறந்த பி.லீலா தமிழில் பாடிப் புகழ் பெற்றார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947-இல் ஜூபிடர் தயாரிப்பாகக் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. இயக்கம் ஏ.எஸ்.ஏ.சாமி, வசனத்தில் இளைஞரான மு.கருணாநிதியின் கை. ‘சதி லீலாவதி’யிலிருந்து ‘ராஜகுமாரி’ வரை பதினோரு ஆண்டுகள். முப்பது வயதில்தான் முதல் கதாநாயக வேடம். அந்த வேடத்தைத் தந்த ஊர் அவருடைய தாயின் ஊரிலிருந்து அரை நாள் பயணம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். எம்.ஜி.ஆர். ஒரு தனி விதிவிலக்கு, அவரை வைத்து மேடையின் இயல்பைப் பேசக்கூடாது என்பார்கள். விதிவிலக்கா என்று பார்க்க அவரோடு சண்டை போட்டவரைப் பார்த்தால் போதும். எம்.என்.நம்பியார் 1919-இல் கண்ணூர்ப் பக்கத்தில், அதே மலபார் மாவட்டத்தில் பிறந்தவர்; ஊட்டியில் வளர்ந்து, பதின்ம வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திலும் நாயகனும் எதிரியும் மோதியபோது, கொட்டகையே எழுந்து நின்று பார்த்த அந்த இருவரும் மலபார் வேர் கொண்ட பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். நம்பியாரை யாரும் எந்த மேடையிலும் மலையாளி என்று குற்றம் சாட்டவில்லை. இன்னும் தெற்கே போனால், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாகர்கோவில் 1956 வரை திருவிதாங்கூர் மண். தமிழ் நாடகத்தின் தூண்களான டி.கே.எஸ். சகோதரர்களில் டி.கே.சண்முகம் பிறந்தது திருவனந்தபுரத்தில். சமஸ்தான எல்லையைக் கணக்கில் எடுத்தால் கலைவாணரும் சண்முகமும் வெளிநாட்டார். மொழியைக் கணக்கில் எடுத்தால் கலைவாணர் உள்ளே, நம்பியார் வெளியே. பாய்ஸ் கம்பெனி எந்தக் கணக்கையும் எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டது.

இரண்டாவது மறுப்பு கனமானது. கம்பெனிதான் அவரை உருவாக்கியது என்றால், அதே பிரம்படியை வாங்கிய நூற்றுக்கணக்கான பையன்கள் ஏன் எம்.ஜி.ஆர். ஆகவில்லை? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. கம்பெனி ஒருவரை நட்சத்திரம் ஆக்காது. மகரக்கட்டில் குரல் போனவர்கள், ஸ்திரீபார்ட்டாகவே முதிர்ந்து வேலையின்றி நின்றவர்கள், பெயர் தெரியாமல் போனவர்கள் ஏராளம். கம்பெனி தந்தது அந்தத் தொழிலில் நிற்கத் தேவையான மொழியும் உடம்பும். அதற்கு மேலே நின்றது அவருடைய உழைப்பு, அழகு, தன்னைப் பற்றிய விடாப்பிடியான கணக்கு, காலம் கொடுத்த அரசியல். என் வாதம் அவர் ஏன் உயர்ந்தார் என்பதைப் பற்றியது அல்ல. அவர் உயர்ந்தபோது எந்த நிலத்தில் கால் ஊன்றியிருந்தார் என்பதைப் பற்றியது. சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். அவர் கம்பெனியின் வசனத்தைத் தம் ஆயுதமாக எடுத்துக்கொண்டார். எம்.ஜி.ஆர். கம்பெனியின் கத்தியையும் சிலம்பத்தையும் எடுத்துக்கொண்டார். சொல்லில் ஒரு தயக்கம் இருந்ததால்தான் உடம்புக்குப் போனார் என்று சிலர் சொல்வதுண்டு. ‘மந்திரி குமாரி’யிலும் ‘மலைக்கள்ளன்’ படத்திலும் அவர் பேசியவை கருணாநிதியின் வசனங்கள். அந்தக் காலத்துத் தமிழ் வசனத்தில் அவற்றைவிடக் கடினமானவை அதிகமில்லை. தயங்கிய நாக்கு அவற்றைச் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு அரசியலிலிருந்து வருகிறது. கோடு பின்னால் போடப்பட்டது என்றாலும், போடப்பட்ட பிறகு அது உண்மைதானே. 1972-இல் அவர் தனிக் கட்சி தொடங்கிய பிறகு மலையாளி என்ற சொல்லை எதிரிகள் வீசினார்கள், அது சிலருக்குப் பட்டதும் உண்மைதானே என்பார்கள். உண்மைதான். அதற்குப் பதிலாக அவருடைய ஆதரவாளர்கள் செய்ததுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அவருடைய முன்னோர் கொங்கிலிருந்து பாலக்காடு போய்க் குடியேறிய மன்றாடியார்கள், ஆகவே அவர் இரத்தத்திலும் தமிழரே என்று நிறுவப் பார்த்தார்கள். கொங்குக்கும் பாலக்காட்டுக்கும் இடையே குடிகள் போய்வந்தது மெய். ஆனால் அந்த வாதம் எதிரியின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறது. ஆறேழு வயதில் தொடங்கிய உழைப்பால் ஒருவர் தமிழை ஈட்டினார் என்று சொல்வதற்குப் பதிலாக, பத்துத் தலைமுறைக்கு முந்தைய இரத்தத்தில் அதைத் தேடுகிறது. அந்தச் சிறுவன் வாங்கிய அடிகளுக்கு இது செய்யும் அநீதி சிறியதல்ல.

முல்லைப் பெரியாறு அணை விஷயத்திலும் இதே அளவுகோல் வருகிறது. இடுக்கி மாவட்டத்தில் நின்று தமிழ்நாட்டின் கையில் இருக்கும் அந்த அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். தாம் பிறந்த குலத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து பெருஞ்சாவு நிகழ்ந்திருந்தது. அச்சம் எங்கும் இருந்தது. மத்திய நீர் ஆணையத்தின் முன்னிலையில், அணையைப் பலப்படுத்தும் வரை என்ற ஏற்பாட்டோடு எடுத்த முடிவு அது. அந்த முடிவு சரியா தவறா என்று பொறியியலிலும் சட்டத்திலும் வாதிடலாம், வாதிடவும் செய்தார்கள். அதன் காரணத்தை ஒருவரின் தாய்வீட்டில் தேடுவது வாதம் ஆகாது.

இடுக்கியைச் சொன்னதும் எதிர்த்திசையில் நடந்த பயணத்தையும் சொல்ல வேண்டும். 1877-இல் பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கொடுத்த பிறகு, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மலையேறி மூணாறிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் காடழித்துத் தேயிலை நட்டார்கள். பாலக்காட்டுக் குடும்பத்துச் சிறுவன் மதுரைக் கம்பெனிக்குப் போன அதே ஆண்டுகளில், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் மேற்கே திருவிதாங்கூர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. காரணமும் ஒன்று: சோறு. மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்தது. மாநிலச் சீரமைப்புக் குழு அதை ஏற்கவில்லை. இடையில் விழுந்த கோட்டால் மூணாறுத் தோட்டத் தொழிலாளியின் பேரன் தான் பிறந்த ஊரிலேயே ‘நீ எந்த ஊர்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவனானான். எம்.ஜி.ஆரை மலையாளி என்று தள்ளும் தமிழர் ஒருவர், மூணாற்றில் தமிழரைப் ‘பாண்டி’ என்று தள்ளும் வாய்க்கு வலுச் சேர்க்கிறார். ஒரு பக்கத்தில் மறுக்கும் உரிமையை மறுபக்கத்தில் கேட்க முடியாது. எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த அளவுக்குத் தலைநகரங்களில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

குரலில் தொடங்கியதால் குரலுக்கே திரும்புகிறேன். 1967 ஜனவரி 12-இல் நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பியது, குரல் பழையபடி திரும்பவில்லை, சொற்கள் குழறின. பேசிப் பிழைக்கும் தொழிலில் இருப்பவருக்கு அது தொழில் மரணம். ஜெனோவாவில் செய்தது போல இரவல் குரல் வைத்திருக்கலாம். தொழில்நுட்பம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ‘காவல்காரன்’ படத்தில் அடிபட்ட குரலோடேயே பேசினார். மக்கள் அந்தக் குரலைக் கேட்டார்கள், பழகிக்கொண்டார்கள், அதன் பிறகும் பத்தாண்டுகள் கொட்டகையை நிறைத்தார்கள். தாய்மொழிப் படத்தில் வேறொருவர் பேச இசைந்தவர், தமிழில் காயம்பட்ட நாக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

இதனால் அவர் மலையாளி இல்லாமல் போய்விட்டார் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் மலையாளம் பேசினார். முதல் இரண்டு மனைவியரும் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்கள். மூன்றாவது மனைவி வி.என்.ஜானகி வைக்கத்துக்காரர். வடவன்னூரில் தாயின் பெயரைத் தாங்கிய ‘சத்ய விலாசம்’ என்ற வீட்டில் நெடுநாள் அங்கன்வாடி நடந்தது. பின்னர் அதைப் புதுப்பித்து நினைவில்லம் ஆக்கினார்கள். ஆனால் பாலக்காட்டின் அடையாளம் அந்த வீட்டைவிடப் பெரிய இடத்தில் இருந்திருக்கிறது. நாயர் குடும்பங்களில் அந்தக் காலத்தில் தாய்வழி மரபு இருந்தது. பிள்ளைகள் தாயின் தறவாட்டுப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார்கள். சத்யபாமாவின் வீட்டுப் பெயர் மருதூர். ‘ஜி’ தந்தை கோபாலனைக் குறிக்கும், ‘ஆர்’ ராமச்சந்திரனைக் குறிக்கும், முன்னால் நிற்கும் ‘எம்’ அந்த மருதூரைக் குறிக்கும். மதுரையிலும் திருச்சியிலும் சுவர்களில் ஆளுயரத்துக்கு எழுதி, கைகளில் பச்சை குத்தி, பிள்ளைகளுக்குப் பெயராக வைத்து, தமிழர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் அந்த மூன்றெழுத்தில் முதலெழுத்து, பாலக்காட்டுத் தாய் ஒருத்தியின் வீட்டுப் பெயர்.